தந்தத்தில் தீட்டிய முகங்கள்

புகைப்படக்கலை தோன்றாத காலத்தில், கடல் கடந்து சென்ற ஒருவர் தம் மனைவி மக்களின் முகத்தை எவ்வாறு உடன் எடுத்துச் சென்றிருப்பார்? ஐரோப்பாவின் செல்வர்கள் இதற்குச் சிற்றோவியங்களை நாடினர். உள்ளங்கையில் அடங்கும் இவ்வோவியத்தைப் பதக்கத்தில் பொருத்தி அணிந்துகொள்ளலாம்.

16ஆம் நூற்றாண்டில் இவை பதப்படுத்திய கன்றுத்தோலில் தீட்டப்பட்டன. 1700ஆம் ஆண்டையொட்டி, வெனிஸ் நகரப் பெண் ஓவியர் ரோசல்பா கரியேரா யானைத் தந்தத்தில் தீட்டி வழிகாட்டினார். 1705இல் ரோம் நகர ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

தந்தத்துக்கு அப்படி என்ன சிறப்பு? மெல்லிய தந்தத் தகடு ஓரளவு ஒளியை உள்ளே விடும். நீர்வண்ணத்தை ஊடுருவும் ஒளி, தந்தத்துள் சிதறி மீண்டும் வெளியே வருகிறது. நம் தோலிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. ஆகவே, கன்னத்தில் வண்ணத்தை மிக மெல்லிதாகவே பூசினார்கள். நாம் காணும் பொலிவில் பெரும்பகுதி தந்தத்தினுடையதே!

ஆனால், தந்தத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. நீர்வண்ணம் எளிதில் ஒட்டாது. எனவே தகட்டைச் சூடான இரும்பால் அழுத்திப் பசையை நீக்கினர். வெயிலில் வைத்து வெளுக்கச் செய்தனர். நுரைக்கல் தூளால் தேய்த்தனர். வண்ணத்தில் வேலம்பிசின் கலந்தனர். அகலமாகப் பூசினால் அடி வண்ணம் கரைந்து கலங்கும் அல்லவா? அதனால் தூரிகை நுனியால் புள்ளிகளும் நுண்கோடுகளுமாக இட்டு முகத்தை உருவாக்கினர்.

இக்கலை நம் சென்னைக்கும் வந்தது. ஆங்கிலேய ஓவியர் ஜான் ஸ்மார்ட் 1785 முதல் 1795 வரை இங்கே தங்கி, ஆற்காட்டு நவாப் முகம்மது அலியையும் அவர் குடும்பத்தினரையும் தீட்டினார். இந்தியாவில் தீட்டியவற்றில் தம் பெயரின் முதலெழுத்துகளுடனும் ஆண்டுடனும், இந்தியாவைக் குறிக்க ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தையும் பொறித்தார்.

1839இல் டாகர் கண்ட புகைப்பட முறை வெளியிடப்பட்டது. விரைவும் மலிவும் வென்றன. சிற்றோவியர் சிலர் புகைப்படங்களுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தனர்.

எஞ்சிய ஓவியங்களைக் காப்பது எளிதன்று. ஈரப்பதம் மாறினால் தந்தம் வளையும், வெடிக்கும். மிகுந்த ஒளியில் வண்ணம் மங்கும். யானைகளைக் காக்க, பன்னாட்டுத் தந்த வணிகத்தைத் தடை செய்ய 1989இல் முடிவாயிற்று. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டமோ, 1918க்கு முற்பட்ட சிற்றோவியங்களுக்கு விலக்கு அளிக்கிறது.

அருங்காட்சியகத்தில் இவற்றைக் காண நேர்ந்தால், கன்னத்தை உற்றுப் பாருங்கள். ஓவியரின் திறமையோடு, அந்த ஒளியைத் தந்த யானையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.