காணொளியில் நிழலறிதல்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அசையாத பின்புலத்தைக் கழித்து நகரும் பொருளைப் பிரித்தெடுக்கும் முறை நிழலிடம் தடுமாறியது. நிழலும் பொருளோடு நகர்வதால் அருகருகே செல்லும் இரு ஊர்திகள் ஒன்றாக எண்ணப்பட்டன. 1999இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஹார்ப்ரசெர்ட், ஹார்வுட், டேவிஸ் மூவரும் படப்புள்ளியின் ஒளிர்வு மாற்றத்தையும் நிறமாற்றத்தையும் தனித்தனியே அளந்தனர். நிழல் படிந்த தரை மங்குமேயன்றி நிறம் பெரிதும் திரியாது என்பது அவர்தம் எடுகோள்.

இது முழுமையன்று. வெயிலில் விழும் நிழலில் வானின் நீலம் கலக்கும். தார்ச்சாலையில் செல்லும் கரிய மகிழுந்தோ நிழலெனவே தள்ளப்படும். 2003இல் பிராத்தி, மிகிச், திரிவேதி, குக்கியாரா ஆகியோரின் ஒப்பாய்வு, நிழலைக் கண்டறியும் வீதத்தையும் பொருளை நிழலென மயங்காத வீதத்தையும் வேறுபடுத்தி அளந்தது. புதிய வழிமுறைகளைவிட இவ்விரட்டை அளவுகோலே இத்துறைக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது எனலாம். ஒரு வீதத்தை உயர்த்த முனைகையில் மற்றது சரியக்கூடும் என்பதை ஒற்றை மதிப்பெண் மறைத்துவிடும்.