பாட்டுக்கு அனுமதி, பாடகருக்கு இல்லை: பாலக்காடு முதல் அலபாமா வரை ஒரே கதையா?

சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிக்கும் 'ஹரிவராசனம்' யார் குரல் என்று கேட்டால், யோசிக்காமல் பதில் வரும்: கே.ஜே.யேசுதாஸ். குருவாயூரப்பன் மீது அவர் பாடிய பக்திப் பாடல்களும் கேரளம் முழுக்க ஒலிக்கின்றன. ஆனால் குருவாயூர் கோயிலுக்குள் அவர் போக முடியாது. காரணம், அவர் பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில்.

"குரல் உள்ளே வரலாம், ஆள் வெளியே நிக்கணும்". இந்தக் கணக்கு நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் கறுப்பின இசைக்கலைஞர்கள் பல பத்தாண்டுகள் இதே கணக்கோடு வாழ்ந்தார்கள். இரண்டும் ஒன்றுதானா? பாலக்காட்டிலிருந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இனப் பிரிவினை அங்கே வெறும் பழக்கம் அல்ல, தென் மாநிலங்களில் அது சட்டம். ஹோட்டல், உணவகம், பேருந்து, கழிப்பறை எல்லாமே தனித்தனி. அதனால் கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் மக்கள் நடத்திய சிற்றூர் கிளப்புகளில் ஊர் ஊராகப் பாடினார்கள். அந்தப் பயணப் பாதைக்கு 'சிட்லின் சர்க்யூட்' என்று பெயர். சிட்லின் என்றால் பன்றிக்குடல் உணவு. பி.பி.கிங், ஜேம்ஸ் பிரவுன் போன்றவர்கள் இந்த மேடைகளில் பாடி வளர்ந்தவர்கள்.

ராத்திரி கச்சேரி முடிந்தால் எங்கே தூங்குவது? அதற்கு ஒரு கையேடே இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்', கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகளையும் கடைகளையும் பட்டியலிட்டது.

புகழ் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை. 1956 ஏப்ரல் 10 அன்று அலபாமாவின் பர்மிங்காமில், வெள்ளையர்கள் மட்டுமே அமர்ந்திருந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோலை, மேடையில் ஏறியே தாக்கினார்கள். பொது இடங்களில் இனப் பிரிவினையைத் தடைசெய்யும் குடிசார் உரிமைகள் சட்டம் 1964இல்தான் வந்தது.

சரி, பாலக்காட்டுக்கு என்ன சம்பந்தம்?

பாலக்காடு கர்நாடக இசையின் பெரிய ஊர். செம்பை வைத்தியநாத பாகவதர், மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் என்று பட்டியல் நீளும். நகரின் கல்பாத்தி அக்ரகாரத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் தேர்த் திருவிழாவோடு இசை விழாவும் நடக்கிறது.

அதே கல்பாத்தி தெருவில் ஒரு காலத்தில் ஈழவர்களும் தலித்துகளும் நடக்கவே முடியாது. அப்போது மலபார், மதராஸ் மாகாணத்தின் பகுதி. பொதுச் சாலைகள், கிணறுகள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை மாகாண சட்டமன்றம் 1924இல் ஏற்றது. அரசாணையும் வந்தது. அதை நம்பி அந்த ஆண்டு தேர்த் திருவிழாவின்போது கல்பாத்திக்குள் போன ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுதான் இதுவும்.

தெருவிலேயே நடக்க முடியாதவர், அந்தத் தெருவில் நடக்கும் கச்சேரியை எப்படிக் கேட்பார்? பாடுவது அப்புறம்தானே! யார் இசைக்கலைஞர் ஆகலாம் என்பதை, திறமைக்கு முன்பே தெரு முடிவுசெய்துவிட்டது.

மதம் எப்படி மதிலானது?

கேரளத்தின் 1965ஆம் ஆண்டு இந்து வழிபாட்டுத் தலங்கள் நுழைவுச் சட்டப்படி, இந்துக்களில் எந்தப் பிரிவினரையும் சாதி காரணமாகத் தடுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், வழக்கப்படி இந்து அல்லாதவர்களைத் தடுக்க இடம் தருகின்றன. ஆக, யேசுதாஸின் முன்னால் நிற்பது சாதித் தடை அல்ல, மதத் தடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

யேசுதாஸின் குரு செம்பை, பாலக்காடு கோட்டாயியைச் சேர்ந்தவர், தீவிர குருவாயூரப்ப பக்தர். பிராமண குரு, கிறிஸ்தவ சிஷ்யன் என்ற உறவு அவர்களுக்குள் பிரச்சினையாகவே இருக்கவில்லை. 1974இல் செம்பை மறைந்தார். அவர் பெயரில் குருவாயூரில் ஆண்டுதோறும் இசை விழா நடக்கிறது. செம்பை கிராமத்து விழாவில் யேசுதாஸ் பல ஆண்டுகள் பாடியிருக்கிறார். கோயில் வாசல் மட்டும் அப்படியே இருக்கிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில், நம்பிக்கை உறுதிமொழியின் பேரில், 2017இல் அவருக்கு அனுமதி அளித்தது.

கலாமண்டலம் ஹைதரலியின் கதை இன்னும் கூர்மையானது. பாரதப்புழைக் கரையில் செறுதுருத்தியில் உள்ள கலாமண்டலத்தில் படித்த இந்த முஸ்லிம் கலைஞர், கதகளிப் பாட்டில் முன்னணிக்கு வந்தார். கதகளி பெரும்பாலும் கோயில் திருவிழாக்களில்தான் நடக்கும். அவருக்கோ உள்ளே அனுமதி கிடையாது. ஒரு கோயிலில் ஆட்டக்காரர்கள் மதிலுக்குள் ஆட, இவர் வெளியே நின்று பாடும்படி மேடை அமைத்ததை ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2006இல் விபத்தில் இறக்கும்வரை அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

இப்போது எல்லாம் மாறிவிட்டதா?

நஞ்சியம்மாவைப் பாருங்கள். கோவை ஆனைகட்டியைத் தாண்டினால் வரும் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பழங்குடிப் பாடகி. 'அய்யப்பனும் கோஷியும்' (2020) படத்தில் இருள மொழியில் எழுதிப் பாடிய பாடலுக்காக, 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. உடனே ஒரு சர்ச்சை: "முறையா சங்கீதம் படிக்காதவங்களுக்கா?" பல இசைக்கலைஞர்கள் அவருக்கு ஆதரவாகப் பேசினார்கள். இங்கே கோயில் மதில் இல்லை. ஆனால் 'எது சங்கீதம்' என்று சிலர் கட்டிய மதில் இருக்கிறது.

மேடைக்கு வெளியே அன்றாட வாழ்க்கை? தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு கோவிந்தாபுரத்தில், தமிழ் பேசும் சக்கிலியர் சமூகத்துக்கு டீக்கடையில் தனி கிளாஸ் என்ற புகார் 2017இல் செய்தியானது. இடுக்கி மாவட்டம் வட்டவடையில் அதே சமூகத்தினருக்கு முடிவெட்ட மறுத்ததால், 2020இல் ஊராட்சியே பொது முடிதிருத்தகம் திறந்தது. பன்னாட்டுப் புகழ் பெற்ற பாடகருக்கு ஒரு கோயில் வாசல்தான் பிரச்சினை. பெயர் தெரியாதவருக்கு டீக்கடை, சலூன் எல்லாமே வாசல்தான்.

அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?

முழுக்க இல்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் பிரிவினையைச் சட்டமே கட்டாயமாக்கியது. சட்டத்தை மாற்றியதும் பலகைகள் இறங்கின. இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. பழக்கம்தான் சட்டத்தைத் தாண்டி நிற்கிறது. கறுப்பினக் கலைஞர்கள் தங்களுக்கென கிளப்புகளை உருவாக்கிக்கொண்டார்கள். கோயிலையே மேடையாகக் கொண்ட ஒரு கலையைத் தேர்ந்தெடுத்த ஹைதரலிக்கு அப்படி இன்னொரு மேடை எளிதாக இல்லை.

ஒன்று மட்டும் பொது. இரண்டு ஊரிலும் கலையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கலைஞரோடு சமமாக உட்காரத்தான் மறுத்தார்கள். அடுத்த முறை ஒரு குரலைப் பிளேலிஸ்ட்டில் சேர்க்கும்போது, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எந்த வாசலில் நிறுத்தப்பட்டார் என்றும் ஒரு நிமிடம் தேடிப் பார்க்கலாம்.