மஹல்லா எனும் அமானிதம் – உஸ்பெகிஸ்தான் வரலாறு தரும் படிப்பினை



'மஹல்லா' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நிகாஹ் பதிவேடு முதல் ஜனாஸா அறிவிப்பு வரை நம் வாழ்வோடு பின்னிப் பிணைந்த சொல் அது. அதே சொல் ஏறத்தாழ அதே பொருளில் வழங்கும் நாடு ஒன்று மத்திய ஆசியாவில் உண்டு. அதுவே உஸ்பெகிஸ்தான். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 194இல் பிறந்த புகாரா நகரும், ஹிஜ்ரி 256இல் அவர்கள் மறைந்து அடக்கம் பெற்ற சமர்கந்து அருகிலுள்ள கர்தங்கும் அந்நாட்டிலேயே உள்ளன. இமாம் திர்மிதி (ரஹ்), அகீதாக் கலையின் மேதை இமாம் மாத்துரீதி (ரஹ்), ஹஜ்ரத் பஹாவுத்தீன் நக்ஷபந்தி (ரஹ்) ஆகியோரும் அம்மண்ணின் மைந்தர்களே. காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடைபெறுகையில், நாம் அறிந்தோ அறியாமலோ அம்மண்ணின் பெயரையே உச்சரிக்கிறோம்.

அத்தகைய மண்ணில் மஹல்லா என்னும் அமைப்புக்கு நேர்ந்தது என்ன? மக்களின் நம்பிக்கையால் உருவான ஓர் அமைப்பை அரசு தன் கண்ணாகவும் காதாகவும் மாற்றிக்கொண்டால் என்ன விளையும்? சோவியத் ஒன்றியம் சிதறியபின் அந்நாடு கடந்து வந்த பாதை இவ்வினாக்களுக்கு விடையளிக்கின்றது.

பழைய மஹல்லா

அமீர்களின் ஆட்சிக் காலத்தில் புகாரா நகரம் மட்டுமே இருநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புப் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. பெரும்பாலும் ஒவ்வொன்றிற்கும் ஒரு பள்ளிவாசலும் ஒரு நீர்த்தடாகமும் இருந்தன. 'ஓக்ஸகோல்', அதாவது வெண்தாடியர் என மதிப்புடன் அழைக்கப்பட்ட ஒரு பெரியவர் அப்பகுதியின் நல்லது கெட்டதுகளுக்குப் பொறுப்பேற்றார். திருமணம், மரணம், அண்டை வீட்டாரின் பிணக்கு, ஏழையின் பசி ஆகிய அனைத்தும் அவர் முன்னிலையில் தீர்ந்தன. ஒருவர் வீடு கட்டினாலும், வாய்க்கால் தூர்ந்தாலும், ஊரார் கூலியின்றிக் கூடி உழைத்துக் கொடுப்பர். இதற்கு 'ஹஷர்' என்று பெயர். மனமுவந்து செய்யும் உழைப்பு என்பதே அதன் சிறப்பு. இச்சொல்லை நினைவில் கொள்க. பின்னால் இது மீண்டும் வரும்.

ரஷ்யப் பேரரசு 1865இல் தாஷ்கண்டையும் 1868இல் சமர்கந்தையும் கைப்பற்றியது. புகாரா அமீரகம் அதன் பாதுகாப்புக்குட்பட்ட அரசாகச் சுருங்கியது. 1920 செப்டம்பரில் செஞ்சேனை புகாராவைத் தாக்கவே, கடைசி அமீர் ஆலிம் கான் ஊரை விட்டு வெளியேறினார். பின்னர் ஆப்கானிஸ்தானில் தஞ்சம் புகுந்தார். 1924இல் உஸ்பெக் சோவியத் குடியரசு உருவாக்கப்பட்டது. அதன்பின் வக்ஃபு சொத்துகள் பறிமுதலாயின. மத்ரஸாக்கள் மூடப்பட்டன. பள்ளிவாசல்கள் கிடங்குகளாயின. அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்தும், 1940இல் அதற்கும் பதிலாக ரஷ்ய எழுத்தும் புகுத்தப்பட்டன. பாட்டனார் எழுதி வைத்த ஏட்டைப் பேரன் வாசிக்க இயலாத நிலை ஒரே தலைமுறையில் ஏற்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில் ஸ்டாலின் சிறிது இறங்கி வந்தார். 1943இல் தாஷ்கண்டில் மத்திய ஆசிய முஸ்லிம்களுக்கென ஒரு சமய நிர்வாகம் அமைக்கப்பட்டது. போருக்குப் பின் புகாராவின் மீர் அரப் மத்ரஸா மீண்டும் திறக்கப்பட்டது. எனினும் அனைத்தும் அரசின் கடிவாளத்திற்குள்ளேயே இருந்தன.

ஆயின், தீன் கல்வி அணைந்துவிடவில்லை. 'ஹுஜ்ரா' எனப்பட்ட இரகசிய அறைகளில் இரவு நேரங்களில் பாடம் நடந்தது. அவ்வாறு பாடம் நடத்தியவர்களுள் முதன்மையானவர் மௌலானா முஹம்மத்ஜான் இந்துஸ்தானி (ரஹ்) ஆவார். கோகந்த் வட்டாரத்தில் 1892இல் பிறந்த அவர், நம் நாட்டின் அஜ்மீருக்கு வந்து கல்வி பயின்றவர். 'இந்துஸ்தானி' என்னும் பெயர் அதனாலேயே அவருக்கு நிலைத்தது. தாயகம் திரும்பியபின் ஸ்டாலினின் சிறைகளையும் போர்க்களத்தையும் கண்ட அவர், தாஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் அமர்ந்து ஒரு தலைமுறை ஆலிம்களை உருவாக்கி, 1989இல் மறைந்தார். ஆட்சியாளரோடு மோத வேண்டா, பொறுமையோடு கல்வியைக் காப்போம் என்பதே அவரது வழி. அவருடைய மாணாக்கர் சிலர் அவ்வழியை ஏற்கவில்லை.

சுதந்திரமும் அச்சமும்

1991 செப்டம்பர் 1ஆம் நாளைச் சுதந்திர தினமாக உஸ்பெகிஸ்தான் கொண்டாடுகிறது. ஆனால், ஆட்சி கைமாறவில்லை. 1989 முதல் கம்யூனிஸ்ட் கட்சியின் முதன்மைச் செயலாளராக இருந்த இஸ்லாம் கரீமோவே அதிபரானார். 2016இல் மறையும் வரை அவரே அதிபராக நீடித்தார். 1991 டிசம்பர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற கவிஞர் முஹம்மத் ஸாலிஹ் 1993இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

தொடக்கத்தில் பள்ளிவாசல்கள் எங்கும் எழுந்தன. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் 1992இல் அண்டை நாடான தாஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் மூண்டது. "அதைப் பாருங்கள், தளர்ந்தால் நமக்கும் அக்கதியே" என்பது கரீமோவ் அரசின் வாதமாயிற்று. அண்டிஜான் ஜாமிஆப் பள்ளியின் இமாமும், பெருங்கூட்டத்தைத் தம் உரையால் ஈர்த்தவருமான அப்துவலி காரி, 1995 ஆகஸ்டில் தாஷ்கண்ட் விமான நிலையத்தில் காணாமற்போனார். 1998இல் வந்த சமயச் சட்டம் பதிவு பெறாத வழிபாட்டையும் வீடுகளில் தனியாக மார்க்கக் கல்வி புகட்டுவதையும் குற்றமாக்கியது.

1999 பிப்ரவரி 16இல் தாஷ்கண்ட் நகரில் குண்டுகள் வெடித்து 16 பேர் மாண்டனர். அப்பாவிகளின் உயிரைப் பறிக்கும் எச்செயலையும் இஸ்லாம் ஏற்பதில்லை என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஆயுதக் குழுவினர் எல்லைகளில் ஊடுருவியதும் உண்மையே. அரசுக்கு ஓர் அபாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், அபாயத்திற்கு அளிக்கப்பட்ட மருந்து நோயினும் கொடிதாயிற்று.

இங்கேதான் மஹல்லா வருகிறது. 1993இலேயே மஹல்லாக் குழுக்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டிருந்தன. 1994 முதல் ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையை யாருக்கு வழங்குவது என முடிவு செய்யும் அதிகாரமும் அவற்றின் கையில் இருந்தது. 1999இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 'போஸ்போன்' என்னும் மஹல்லாக் காவலர்கள் நியமிக்கப்பட்டனர். யார் ஐவேளையும் பள்ளிக்கு வருகிறார், யார் தாடி வளர்க்கிறார், எவருடைய வீட்டில் குழந்தைகள் ஓதும் ஒலி கேட்கிறது என்பனவெல்லாம் பட்டியலாகிக் காவல் நிலையம் சென்றன. கைதானவரின் தாயையும் மனைவியையும் ஊரார் முன் நிறுத்தி, அண்டை வீட்டாரைக் கொண்டே இகழச் செய்த கூட்டங்களும் நடந்தன. நேற்றுவரை ஒரே தஸ்தர்கானில் உணவருந்தியவர்கள் இன்று ஒருவரையொருவர் ஐயுற்றனர்.

சிறையுண்டோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பலர் ஜஸ்லிக் என்னும் பாலைவனச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அது 1999இல் திறக்கப்பட்டு 2019இல்தான் மூடப்பட்டது.

வெண்பொன் என்னும் பருத்தி

பொருளாதாரத்திலும் இதே கதைதான். சோவியத் காலத்தில் அந்நாடு பருத்தி ஒன்றிற்காகவே உழுது தீர்க்கப்பட்டது. ஆமு, சிர் ஆகிய இரு பேராறுகளின் நீரும் வயல்களுக்குத் திருப்பப்பட்டன. 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல், 2007ஆம் ஆண்டளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்னாக் ஊரில் இன்று மணலின்மீது துருப்பிடித்த கப்பல்கள் நிற்கின்றன.

சுதந்திரத்திற்குப் பின்னும் முறை மாறவில்லை. எவ்வளவு பருத்தி விளைவிப்பது, என்ன விலைக்கு விற்பது என்பதை அரசே விதித்தது. உழவனிடம் குறைந்த விலைக்கு வாங்கி, உலகச் சந்தையில் விற்று, இலாபத்தை அரசு எடுத்துக்கொண்டது. இலையுதிர் காலம் வந்தால் பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் செவிலியர்களும் பருத்தி பறிக்க அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு ஆள் சேர்க்கும் பணியும் மஹல்லாக் குழுக்களுக்கே வந்தது. வயலுக்கு வராவிட்டால் குழந்தைக்கான உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற மிரட்டல் ஏழைத் தாய்மார்களுக்கு விடுக்கப்பட்டது. இக்கட்டாய உழைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? அதே 'ஹஷர்'தான்! மனமுவந்து செய்த நற்செயலின் பெயரே வன்முறைக்குப் போர்வையாயிற்று.

வேலையும் நியாயமான கூலியும் கிடைக்காத இளைஞர்கள் இலட்சக்கணக்கில் ரஷ்யாவின் கட்டுமானத் தளங்களுக்குப் புறப்பட்டனர். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் இல்லங்களுக்கு அவ்வில்லங்களின் ஏக்கத்தை விவரிக்கத் தேவையில்லை.

அண்டிஜான்

அரசியல், பொருளாதாரம், பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே புள்ளியில் வெடித்த இடம் அண்டிஜான். அங்கு 23 வணிகர்கள் தீவிரவாதிகள் எனக் குற்றம் சாட்டப்பட்டு 2005இல் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். தொழிலாளர்க்கு நல்ல ஊதியம் தந்து, தமக்குள் நிதி திரட்டி, ஏழைகளுக்கு உதவியவர்கள் என்று அவ்வூர் மக்கள் அவர்களை அறிந்திருந்தனர். மே 12ஆம் நாள் நள்ளிரவில் ஆயுதமேந்திய சிலர் சிறையைத் தாக்கி அவர்களை விடுவித்தனர். மறுநாள் பாபர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். வேலையின்மையையும் அநீதியையும் முறையிடவே பெரும்பாலோர் வந்திருந்தனர். மாலையில் படையினர் சுட்டனர். மாண்டோர் 187 பேர் என்றது அரசு. பல நூறு பேர் என்றனர் மனித உரிமை அமைப்பினர். சுதந்திரமான பன்னாட்டு விசாரணைக்கு இடமளிக்கப்படவில்லை.

இத்தனை பட்டியல்களும் காவலர்களும் இருந்தும் அந்நாளை அரசால் முன்கூட்டித் தடுக்க இயலவில்லை என்பதைச் சிந்திக்க வேண்டும். மக்கள் மனத்தில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்ல இடமிருந்தால் அரசுக்கும் அது தெரிந்திருக்கும். அச்சம் வாயை மூடும், மனத்தை மூடாது.

மறுபுறம் தாஜிகிஸ்தானைக் காண்போம். பல்லாயிரவர் மாண்ட அந்த உள்நாட்டுப் போர், 1997 ஜூன் 27இல் ஐ.நா. மேற்பார்வையில் ஏற்பட்ட உடன்படிக்கையால் முடிவுற்றது. ஆட்சிப் பொறுப்புகளில் 30 விழுக்காடு எதிரணிக்கு என ஒப்புக்கொள்ளப்பட்டது. எதிரணித் தலைவர் ஸையித் அப்துல்லாஹ் நூரி, இந்துஸ்தானி ஹஜ்ரத்தின் மாணாக்கரே. துப்பாக்கி தீர்க்காததைப் பகிர்வு தீர்த்தது. ஆனால் காலப்போக்கில் அப்பகிர்வும் கரைந்தது. 2011இல் 18 வயதுக்குட்பட்டோர் பள்ளிவாசல் வருவதற்குத் தடை வந்தது. 2015இல் நூரி தலைமை தாங்கிய கட்சியே தடை செய்யப்பட்டது. பெற்ற பாடம் மறக்கப்பட்டது வருந்தத்தக்கது.

மாற்றத்தின் கீற்று

2016இல் ஷவ்கத் மிர்ஸியோயெவ் உஸ்பெகிஸ்தான் அதிபரானபின் சில நல்ல மாற்றங்கள் நிகழ்ந்தன. 2017இல் ஏறத்தாழ 16,000 பேருடைய பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2020இல் பருத்திக்கான அரசு ஒதுக்கீட்டு முறை ஒழிக்கப்பட்டது. பருத்தி வயல்களில் திட்டமிட்ட கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்துவிட்டதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022இல் அறிவித்தது. உலக நாடுகளில் எழுந்த புறக்கணிப்பும், அந்நாட்டிலேயே துணிந்து உண்மையைப் பதிவு செய்தோரின் உழைப்பும் இதற்குக் காரணம்.

எனினும் பாதை இன்னும் நீளமானது. 2021இன் புதிய சமயச் சட்டத்திலும் அனுமதியற்ற மார்க்கக் கல்விக்குத் தடை நீடித்தது. 2022 ஜூலையில் நுகுஸ் நகரக் கிளர்ச்சியில் அரசுக் கணக்கின்படியே 21 பேர் மாண்டனர். கட்டியணைத்தாலும் கட்டிப்போட்டாலும் மஹல்லாவைக் கையிலிருந்து விட அரசுக்கு மனமில்லை என்பதற்கு, 2020இல் அதற்கென ஓர் அமைச்சகமே அமைக்கப்பட்டது சான்று.

நமக்கான படிப்பினை

பெரியோர்களே! நம் ஜமாஅத் கமிட்டியின் கையிலும் மக்களின் இரகசியங்கள் உள்ளன. எந்த வீட்டில் ஜகாத் பெறும் நிலை, எந்தத் தம்பதியரிடையே பிணக்கு, எந்தப் பிள்ளை வழிதவறினான் என்பதெல்லாம் நிர்வாகிகள் அறிவர். அவை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். உதவி தரும் கை அச்சுறுத்தும் கையாக மாறும் நாளில் மஹல்லா கட்டடமாக மட்டும் எஞ்சும். பள்ளிவாசலின் வரவு செலவு பொதுக்குழுவில் வாசிக்கப்படுவதும், எளியவர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்பதும், நம் பிள்ளைகள் பட்டப்பகலில் மத்ரஸாவுக்கு நடந்து செல்வதும் நமக்கு அன்றாடக் காட்சிகள். புகாரா மண்ணின் மக்கள் இவற்றுக்காகவே மூன்று தலைமுறை ஏங்கினர்.

இமாம் புகாரி (ரஹ்) பிறந்த மண்ணில் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரை அஞ்சாது வாழும் நாள் மலரவும், நம் மஹல்லாவின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கை குன்றாதிருக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.