சட்டிக்கு லேபல் ஒட்டுவதற்கு முன்

மூதூர்ப் பக்கத்துத் தயிரைத் தெரியாதவங்க திருகோணமலையில் குறைவு. எருமைப் பால், மண்சட்டி, வாயை மூடிக் கட்டிய ஒரு தாள். பெரும்பாலான சட்டிகளில் பெயரும் இருக்காது, படமும் இருக்காது. அதுக்கு ஒரு லேபல் செய்து பார்க்கலாமா என்று எங்கட நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. வரையத் தொடங்க முன், பொதி என்ற சாமான் எதுக்காக வந்தது என்று தேடிப் பார்த்தோம். தேடல் எங்களைத் தேயிலையிடம் கொண்டுபோய் விட்டது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கடைகளில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துத்தான் கொடுப்பாங்க. அதில் வேறு இலைகளையும் சாயத்தையும் கலப்பது சாதாரணமாக நடந்தது. 1826இல் ஜோன் ஹோர்னிமன் என்ற வியாபாரி, நிறையைக் குறித்து மூடிய பக்கற்றில் தேயிலை விற்றார். ஆக, பக்கற் முதலில் ஒரு வாக்குறுதி: உள்ளே இருப்பது இதுதான், இவ்வளவுதான். அழகெல்லாம் பிறகு வந்தது.

தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். ஒரு இறாத்தல், அரை, கால் என்று பக்கற் போட்டு, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தார். அந்த விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றாள். லிப்டனின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவளுக்குப் பெயரே இல்லை.

கொழுந்து பறித்த அந்தப் பெண்களின் சந்ததிக்கு நடந்ததையும் பாருங்க. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. தேயிலைக்கு முகமாக இருக்கலாம், நாட்டுக்குப் பிரஜையாக இருக்க முடியாது. பொதியில் படம் போட்டால் மதிப்புக் கிடைத்துவிடும் என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல முடியாது.

பெயருக்கோ காசுப் பெறுமதி உண்டு. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால்தான் கிடைக்கும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவியியல் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே அது முதலாவது. ஊர்ப்பெயரை ஊர்க்காரர் காக்காவிட்டால், வேறு யாரோ அதை ஒட்டி விற்பாங்க.

இனிச் சட்டிக்கு வருவோம். மண்சட்டியே ஒரு பொதிதான். சட்டிச் சுவரின் நுண்துளைகள் தயிரின் நீரை உறிஞ்சும். அந்த நீர் வெளியே ஆவியாகும்போது உள்ளே குளிரும், தயிர் இறுகும். பிளாஸ்டிக் கப் இதைச் செய்யாது. ஆனால் லேபலில் தேறிய நிறை போடவேணும். கையால் வனைந்த சட்டி ஒன்றுபோல் ஒன்று இராது. அதனால் வெறுஞ்சட்டியைத் தனித்தனியே நிறுக்கவேணும். ஈரம் ஊறும் சட்டியில் பசை நிற்குமா என்று பார்க்கவேணும். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி எல்லாத்துக்கும் இடம் வேணும். நிறம் தெரிவதெல்லாம் இதுக்குப் பிறகு.

படம் என்று வந்தால், ரொபேர்ட் நொக்ஸ் பிடிபட்ட புளியமரத்தைப் போடலாம் என்று யாராவது சொல்லுவாங்க. 1660இல் மூதூரில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்து, தப்பிப் போய்ப் புத்தகம் எழுதியவர். உல்லாசப் பயணிகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் அவருக்கும் இந்தத் தயிருக்கும் என்ன சம்பந்தம்?

எங்கட முடிவு இதுதான். மூதூர் என்ற பெயர் தமிழில் பெரிசாக இருக்கட்டும். எருமை வளர்க்கிறவரும் பாலை உறைய வைக்கிறவரும் சட்டி வனைகிறவரும் சம்மதித்தால், அவங்கட பெயர்கள் அதுக்குக் கீழே வரட்டும். சம்மதம் கேட்காமல் ஒருத்தர் முகத்தையும் வரைவதில்லை.