முதல் மார்க்கு வாங்கிய ஊர்

2022 டிசம்பரில் ஒரு நாள் காலை, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உலாவிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எனக்குப் பழக்கமானவர், தூரத்திலிருந்தே பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்தார். "பார்த்தீர்களா, ஸார்! இந்தியாவிலேயே நம்ம ஊர்தான் முதல்!" என்றார்.

விஷயம் உண்மைதான். பிரதம மந்திரியின் பொருளாதார ஆலோசனைக் குழு வெளியிட்ட சமூக முன்னேற்றக் குறியீட்டில் புதுச்சேரிக்கு 65.99 மார்க்கு. லட்சத்தீவுக்கு 65.89, கோவாவுக்கு 65.53. சுகாதாரம், வீடு, தண்ணீர், படிப்பு என்று 89 அளவைகளைச் சேர்த்துக் கூட்டிய கணக்கு.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். என் மனைவி அசையவில்லை. "நம் கிணற்றுத் தண்ணீர் வர வர உப்புக் கரிக்கிறதே, அதற்கு எத்தனை மார்க்கு போட்டார்களாம்?" என்றாள்.

கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேசங்களுக்கு மார்க்கு போடும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

1934 இல் ஸைமன் குஸ்நெட்ஸ் என்ற நிபுணர் அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு ஸெனட் சபைக்குக் கொடுத்தார். இதை வைத்து ஜனங்களின் நலத்தை நிறுத்துவிட முடியாது என்று அதிலேயே எச்சரித்திருந்தார். உலகம் கணக்கை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

1979 இல் மாரிஸ் டேவிட் மாரிஸ் என்பவர் பணத்தை ஒதுக்கிவிட்டு, சிசு மரணம், எழுத்தறிவு, ஒரு வயது தாண்டிய குழந்தையின் ஆயுள் ஆகிய மூன்றையும் சமமாகச் சேர்த்துப் பார்த்தார். வருமானத்தில் பின்தங்கிய இலங்கையும் கேரளமும் தலை நிமிர்ந்தன.

1990 இல் ஐக்கிய நாடுகள் சபையிலிருந்த பாகிஸ்தானியர் மஹபூப் உல் ஹக் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜ் நாளிலிருந்து அவருக்கு நண்பரான அமர்த்தியா ஸென், மனித வாழ்க்கையை ஒரே எண்ணில் அடைப்பது முரட்டு வேலை என்று முதலில் ஆட்சேபித்தார். வருமானமும் முரட்டு எண்தான். அதை எதிர்க்க இன்னொரு முரட்டு எண் வேண்டும் என்று சொல்லி ஹக் அவரை இணங்க வைத்தார்.

வருஷத்தையும் ரூபாயையும் எப்படிக் கூட்டுவது? முதலில் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் கொண்டுவருகிறார்கள். ஆயுளுக்கு அடி 20, முடி 85. 2023 இல் இந்தியரின் சராசரி ஆயுள் 72. அடிக்கு மேல் ஏறியது 52; ஏற வேண்டியது 65. ஆக மார்க்கு 0.8. பிறகு ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றுக்கும் சராசரி எடுத்தார்கள். அதில் ஒரு கோளாறு. ஒன்றில் 9, இன்னொன்றில் 1 என்றாலும் சராசரி 5 வந்துவிடும். சாம்பாரில் பருப்பை அள்ளிப் போட்டால் உப்பில்லாத குறை தீருமா? அதனால் 2010 முதல் பெருக்கி மூலம் காண்கிறார்கள். 9க்கும் 1க்கும் 3 தான் கிடைக்கும்.

2020 இல் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். ஒரு தேசம் விடும் கரிப்புகைக்கும் தின்று தீர்க்கும் பொருளுக்கும் மார்க்கைக் குறைத்தார்கள். முதலிடத்திலிருந்த நார்வே பதினைந்து படி சறுக்கியது!

என் மனைவி கேட்டதும் அதைத்தானே? வீட்டில் குழாய் இருக்கிறதா என்பது இன்றைய கேள்வி. நாம் இறைத்து இறைத்துக் கடல் நீர் நிலத்தடியில் ஏறுகிறதே, அது பேரன் காலத்துக் கேள்வி. இதில் இன்னொரு சங்கடம்: புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம் நான்குக்கும் சேர்த்து ஒரே மார்க்கு. புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை.

அதற்காக மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பணத்தை மட்டும் எண்ணியிருந்தால் கேரளத்துத் தாயும் குழந்தையும் யார் கண்ணிலும் பட்டிருக்கமாட்டார்கள்.

மறுநாள் ஆசிரியரிடம் மனைவியின் கேள்வியைச் சொன்னேன். அவர் பத்திரிகையை மெதுவாக மடித்தார். "எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான், ஸார். பதில் தெரியாமல்தான் விடிந்ததும் கடற்கரைக்கு வந்துவிடுகிறேன்" என்றார்.