நம் வரியும் பக்கத்துப் பள்ளியும்



அரையாண்டுக்கு ஒருமுறை நாம் கட்டும் சொத்து வரியில் கல்விக்கென்று ஒரு பங்கு இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்மில் பெரும்பாலோர் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்க வைத்தவர்கள். ஆனாலும் மாநகராட்சிப் பள்ளியில் நம் பணமும் இருக்கிறது. இந்த ஏற்பாடு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1920-ல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதிக்கவும், தங்கள் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் அது வழி செய்தது. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் கிராமப் பள்ளிகளை நடத்தின, நகரங்களில் நகரசபைகள். பெரியவர்கள் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வது அதனால்தான்.

அதே 1920-ல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு. பசியோடு வரும் பிள்ளை நிலைக்காது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்கும் பரவியது; வருகையும் கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு சொல்லிவிட, 1925-ல் அது நின்றுபோனது. வரி வசூலித்தது மாநகராட்சி. செலவுக்குக் கையெழுத்து வேறு இடத்தில்!

அதற்காக அந்தக் காலத்துப் போர்டுகள் எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். உள்ளூர் செல்வாக்குக்கு ஆசிரியர்கள் பயந்து நடந்ததும், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கப் பல பள்ளிகள் மறுத்ததும் வரலாறுதான்.

காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவு மாநிலத் திட்டமாகத் திரும்பி வந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே பணமும் பொருளும் கொடுத்தார்கள். 1981-ல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. உள்ளூரின் குரல் குறைந்தது.

அந்தக் குரலைத் திருப்பிக் கொடுக்கத்தான் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் தயாரிப்பதும், பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும் அவர்கள் வேலை.

இங்கேதான் நமக்கு வேலை வருகிறது. அந்தப் பெற்றோர் யார்? நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, துணி தேய்த்துக் கொடுப்பவர். கூட்டம் வேலை நாளில் வந்தால், ஒரு வேளைச் சம்பளம் போகுமே என்று வராமல் இருந்துவிடுகிறார்கள். வருகிறவர்களும் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், குழு காகிதத்தோடு சரி.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேளுங்கள். குழுக் கூட்டம் என்றால், சம்பளம் பிடிக்காமல் இரண்டு மணி நேரம் அனுப்பி வையுங்கள். கணக்கு பார்க்கத் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் நம் குடியிருப்பில் நிறைய இருக்கிறோம். வரவு செலவுத் தாளை எப்படிப் படிப்பது, எதைக் கேட்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கேள்வியை அவர்களே கேட்கட்டும். நாம் பின்னால் நின்றால் போதும்.