கிராமத்திற்கு வந்த கணிப்பொறி – ஒரு வரலாற்றுப் படிப்பினை

 

நகரத்தார் நொடியில் பெறும் ஒரு செய்தி, மலைப்பகுதியில் வாழ்வோரை வந்தடைய எத்தனை காலம் ஆகும் என்பது சித்தேரி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இக்குறையைப் போக்க எடுக்கப்பட்ட இரு முயற்சிகளின் வரலாறு நாம் அறிய வேண்டியதாகும்.

1998ஆம் ஆண்டு, வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் அவர்களின் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவத் தொடங்கியது. வில்லியனூரில் திரட்டப்பட்ட செய்திகள் தமிழில் தொகுக்கப்பெற்று, கம்பியில்லாக் கருவிகள் வழியாகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. கருவிகளை நிறுவனம் தந்தது. இடத்தை ஊரார் தந்தனர். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் அமைந்தது. மையத்தின் பயன் தலித் மக்கள் உட்பட அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. மையங்களை நடத்திய தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரம் குறித்த முன்னறிவிப்பு பெறப்பட்டு, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. எழுத்தறியாத மீனவரும் அதனால் பயனடைந்தார். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி மூலம் அனைவரையும் வெளியேறச் செய்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. மக்கள் உயிர் பிழைத்தனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் துணையுடன் கிராம இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. இளைஞர்கள் அங்கே கணிப்பொறி பயின்றனர். சான்றிதழ்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. கண் நோயாளிகளின் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றன. ஆயினும் வருமானம் போதாமையாலும், தொடர்ந்த ஆதரவு இல்லாமையாலும் பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. கருவியை வாங்குவது எளிது. அதனைப் பேணி நடத்துவதே அரிது என்பதற்கு மேலூர் சான்றாகும்.

2006இல் மத்திய அரசு நாடெங்கும் ஒரு இலட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் அளித்தது. இன்று கைபேசியிலேயே இணையம் இருக்கிறது. எனினும், கல்வி உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்தச் சான்றிதழை இணைப்பது, கடைசி நாள் எது என அருகிருந்து வழிகாட்டுவோர் இன்றி வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். கைபேசி செய்தியைத் தரும். கைப்பிடித்து அழைத்துச் செல்வது மனிதரே.

எனவே ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் அறையை இதற்கென ஒதுக்குவோம். கணிப்பொறி வாங்கும் செலவை மட்டுமன்றி, நடத்துபவரின் ஊதியத்தையும் பழுதுபார்க்கும் செலவையும் ஆண்டுக் கணக்கில் சேர்ப்போம். நம் பெண் பிள்ளைகளும், எச்சமயத்தைச் சார்ந்த ஏழை மாணவரும் தயக்கமின்றி நுழையும் வகையில் அதன் கதவு திறந்திருக்கட்டும். நல்லவாட்டில் உயிர்களைக் காத்தது விலையுயர்ந்த கருவியன்று. ஊர் முழுவதற்கும் உரியதாயிருந்த ஓர் ஒலிபெருக்கியே.